ஃப்ராஜைல் எக்ஸ் பிள்ளைக்கு 'டைம் டைமர்' வாங்கலாமா?

"இன்னும் அஞ்சு நிமிஷம்" என்று நம் வீடுகளில் சொன்னால் அது இரண்டு நிமிடமாகவும் இருக்கும், அரை மணி நேரமாகவும் இருக்கும். மற்றப் பிள்ளைகள் சொல்பவரின் குரலை வைத்தே கணக்குப் போட்டுக்கொள்வார்கள். ஃப்ராஜைல் எக்ஸ் (அறிவு வளர்ச்சியைப் பாதிக்கும் ஒரு பரம்பரை மரபணுக் குறை) உள்ள பையனுக்கு அது வராது. "எப்பக் கிளம்பலாம்?" என்று அவன் இருபது தடவை கேட்பது அடம் இல்லை. எவ்வளவு மிச்சம் என்று தெரியாத பதற்றம்.

எக்ஸ் குரோமோசோமில் உள்ள எஃப்எம்ஆர்1 மரபணுவில் சிஜிஜி என்ற மூன்றெழுத்து 200 தடவைக்கு மேல் அடுக்கிக்கொண்டே போனால் மரபணு அடைபட்டுவிடும்; மூளைக்கு வேண்டிய ஒரு புரதம் உருவாகாது. கணக்கும், ஒன்றன்பின் ஒன்றாகச் சொல்லும் வழிமுறையும் இவர்களுக்குக் கடினம். ஆனால் முழுசாக ஒரு படத்தைக் காட்டினால் சட்டென்று பிடித்துக்கொள்வார்கள். மிச்ச நேரத்தைப் படமாகக் காட்டும் கருவியான டைம் டைமர் அந்த இடத்தில்தான் கைகொடுக்கிறது.

பார்க்க சின்ன மேஜைக் கடிகாரம் போல இருக்கும். முள் கிடையாது, சிவப்புத் தட்டு ஒன்றுதான். அதை இடப்பக்கமாகத் திருப்பி வேண்டிய நிமிடத்தில் வைத்தால், சிவப்பு கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கி மேலே பூஜ்யத்தில் காணாமல் போகும். எண் படிக்கத் தெரிய வேண்டாம். ஒரு வில்லங்கம்: இதில் எண்கள் கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் ஓடும். சுவர்க் கடிகாரத்தில் 45 நிமிடம் காட்டும் இடத்தில் இங்கே 15 இருக்கும். சிறப்புப் பள்ளியில் இப்போதுதான் மணி பார்க்கக் கற்கிறான் என்றால், இரண்டையும் ஒரே சுவரில் மாட்டாதீர்கள்.

பெட்டியைப் பிரித்ததும் முதல் வேலை, பின்பக்கம் உள்ள சுவிட்சில் அலாரத்தை அணைப்பது. திடீர்ச் சத்தம் இவர்களுக்கு உடம்பையே உலுக்கிவிடும். கை உதறும், கையைக் கடித்துக்கொள்வார்கள். ஒரு தடவை 'பீப்' கேட்டு மிரண்டுவிட்டால், அடுத்த தடவை சிவப்பு சுருங்கச் சுருங்கப் பயமும் ஏறும். பொருளே வீண். ஃப்ராஜைல் எக்ஸ் பிள்ளைகளுக்கு ஞாபகம் பலமானது, பயந்ததை லேசில் மறக்க மாட்டார்கள்.

பழக்கும் முறையில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். வாங்கிய அன்றே "சிவப்பு போனதும் செல்போனைக் குடுத்துடணும்" என்று ஆரம்பித்தால், டைமர் பறிக்கிற ஆளாகிவிடும். முதல் வாரம் தலைகீழாகச் செய்யுங்கள்: சிவப்பு போனால் பிடித்தது வரட்டும். மூன்று நிமிடம் வைத்து, முடிந்ததும் முறுக்கு, ஊஞ்சல், ஒரு பாட்டு, எதுவோ ஒன்று. அது பதிந்தபின் ஐந்து, பத்து. பிடித்ததை நிறுத்தச் சொல்வது அதற்கப்புறம்தான். அப்போதும் அடுத்து என்ன என்பதை ஒரு படமாக டைமர் பக்கத்திலேயே வையுங்கள். முடிவது மட்டும் தெரிந்து, பின்னால் என்ன என்று தெரியாவிட்டால் பதற்றம் அப்படியே இருக்கும். வைக்கும்போது அவன் முகத்தைப் பார்த்துப் பேசாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, இருவரும் டைமரைப் பார்த்தபடி, "சிவப்பு போனதும் குளியல்" என்று ஒரே வரி. நேருக்கு நேர் பார்வை இவர்களைக் கூடுதலாகக் கலவரப்படுத்தும்.

பெரியவர்கள்தான் இதைக் கெடுப்பார்கள். சிவப்பு தீர்ந்தபின் "இரு, சாம்பார் கொதிக்கட்டும்" என்று மறுபடி திருப்பி வைத்தால் போச்சு. ஐந்து நிமிடத்தில் முடியாதென்று தோன்றினால் ஆரம்பத்திலேயே பத்தாக வையுங்கள். எவ்வளவு நேரம் என்று உங்களுக்கே தெரியாத காத்திருப்புக்கு, உதாரணமாக டாக்டர் வீட்டு டோக்கன் வரிசை, பஸ் நிறுத்தம், இதை எடுக்கவே வேண்டாம். டோக்கனுக்கு எண் எழுதிய அட்டைகளை ஒவ்வொன்றாகக் கிழிப்பதே சரி.

எந்த அளவு வாங்குவது? உள்ளங்கையில் அடங்கும் 'மாட்' மாடலில் நடுவில் குமிழ் இருக்கிறது. பைக்குள் போட்டுக்கொண்டு போகலாம். சுவரில் மாட்டும் பெரியது கூடத்துக்கு நல்லது. இதில் பலர் யோசிக்காத ஒன்று உண்டு. முன்னே சொன்ன சிஜிஜி அடுக்கு 55 முதல் 200 வரை இருப்பவர்கள் இந்தக் குறையைச் சுமப்பவர்கள். பிள்ளையின் அம்மாவைப் பெற்ற தாத்தா அப்படிச் சுமப்பவராக இருந்தால், ஐம்பது வயதுக்கு மேல் ஒரு பொருளை எட்டி எடுக்கும்போது கை நடுங்குவது, நடை தள்ளாடுவது வரக்கூடும். பகலில் பிள்ளையோடு இருப்பவர் அவராக இருந்தால், தட்டின் விளிம்பைப் பிடித்து இழுக்கும் மாடலைத் தவிர்த்து, பிடித்துத் திருப்பும் குமிழ் உள்ளதை வாங்குங்கள். அந்த நடுக்கத்தை 'வயசாச்சு' என்று விட்டுவிடாமல் நரம்பியல் டாக்டரிடம் பேரனின் விவரத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

விலை, சமையலறை டைமரைவிடப் பல மடங்கு. அதனால் முதலில் ஒரு பழைய சுவர்க் கடிகாரத்தில் சோதித்துப் பாருங்கள். செகண்ட் முள்ளைக் கழற்றிவிட்டு, பெரிய முள் நிற்கும் இடத்திலிருந்து போய்ச் சேர வேண்டிய இடம் வரை கண்ணாடி மேல் ஒயிட்போர்டு மார்க்கரால் சிவப்பாக நிரப்புங்கள். ஒவ்வொரு எண்ணுக்கும் இடையே ஐந்து நிமிடம். பக்கவாட்டில் நின்று பார்த்தால் முள் விலகித் தெரியும், ஆகவே அவன் கண் மட்டத்துக்கு நேராக மாட்டுங்கள். குறை என்னவென்றால், இங்கே சிவப்பு சுருங்காது, முள்தான் அதைக் கடக்கும். சிலருக்கு இதுவே போதும். போதாதவர்களுக்குத்தான் காசு செலவழிப்பதில் அர்த்தம். செல்போன் ஆப் வேண்டாம். டைமரைப் பார்க்கப் போய் வீடியோவில் முடியும்.

மாட் மாடலுக்கு ஒரு ஏஏ பேட்டரி. அது தீர்ந்தால் சிவப்பு பாதியில் நின்றுவிடும். பிள்ளையும் அதன் முன்னாலேயே உட்கார்ந்திருப்பான். வேறொரு பேட்டரியை டைமருக்குப் பக்கத்திலேயே வைத்திருங்கள்.