கீற்றணிக் கணக்கு: சைன் போடுவதா, குறுக்குவழியில் போவதா?

விளிம்பு விளைவுக் கீற்றணி என்பது நெருக்கமான இணைகோடுகள் கீறிய, ஒளியை அலைநீளத்துக்கேற்பப் பிரித்துக் காட்டும் தகடு. அதன் கணக்குகளை மாணவர்கள் இரண்டு விதமாகப் போடுகிறார்கள். முழுச் சமன்பாட்டைப் பயன்படுத்துவது ஒரு விதம்: கோடுகளின் இடைவெளியைக் கோணத்தின் சைனால் பெருக்கினால், அது வரிசை எண்ணையும் (நடுப்பட்டையிலிருந்து எத்தனையாவது பட்டை என்பதையும்) அலைநீளத்தையும் பெருக்கி வருவதற்குச் சமம். மற்றது, இரண்டு நுண்பிளவுகள் வழியே ஒளியை விடும் யங் இரட்டைப்பிளவுச் சோதனையில் பழகிய குறுக்குவழி. கோணம் சிறியது, சைனும் டேனும் ஒன்றுதான் என்று வைத்துக்கொண்டு திரையில் விழும் தூரத்தை நேரே கண்டுவிடுவது.

இரட்டைப்பிளவில் குறுக்குவழியைக் குறை சொல்ல முடியாது. பிளவுகள் அரை மி.மீ. இடைவெளியில் இருந்தால், சோடியம் ஒளியின் முதல் பட்டை 0.07 டிகிரிதான் விலகும். கோணம் 10 டிகிரி ஆனாலும் பிழை 1.5 சதவீதத்தைத்தான் தொடும். ஆனால் மி.மீ.க்கு 600 கோடுகள் உள்ள கீற்றணியில் இடைவெளி அந்தப் பிளவுகளைவிட 300 மடங்கு குறைவு. அங்கே சிறிய கோணத்துக்கு இடமே இல்லை.

போட்டுப் பாருங்கள். அலைநீளம் 589.3 நானோமீட்டர், திரை 1 மீட்டர் தொலைவில். முதல் வரிசைக்கு சைன் 0.354, கோணம் 20.7 டிகிரி, திரையில் தூரம் 37.8 செ.மீ. குறுக்குவழி 35.4 செ.மீ. என்கிறது. இரண்டாம் வரிசைக்கு சைன் 0.707, கோணம் 45 டிகிரி, தூரம் 1 மீட்டர். குறுக்குவழியில் வருவது 70.7 செ.மீ.! மூன்றாம் வரிசைக்கு சைன் 1.06 என்று வருகிறது. ஒன்றைத் தாண்டிய சைன் எந்தக் கோணத்துக்கும் கிடையாது. ஆகவே அந்த வரிசையே தோன்றாது. குறுக்குவழியோ 106 செ.மீ.யில் ஒரு பட்டை இருப்பதாக அடித்துச் சொல்கிறது. இல்லாத பட்டைக்கு இடம் குறித்துக் கொடுக்கும் முறையைக் கீற்றணிக் கணக்கில் தொடவே கூடாது என்பேன். ‘எத்தனை வரிசைகள் தெரியும்?’ என்பது தேர்வில் வழக்கமாக வரும் கேள்வி. அதற்குக் குறுக்குவழியிடம் விடையே இல்லை.

திரைத் தூரத்தைக் கொடுத்து அலைநீளம் கேட்டால், டேன் வழியாகக் கோணத்தைக் கண்டுபிடித்து, அதன் பிறகு சைனுக்குப் போக வேண்டும். ஒளி விலகும் கோணத்தை அளக்கும் கருவியான நிறமாலைமானியில் கோணமே நேராகக் கிடைக்கும். நடுப்பட்டைக்கு இருபுறமும் எடுத்த அளவீடுகளின் வித்தியாசத்தைப் பாதியாக்க மட்டும் மறக்கக் கூடாது.

இடைவெளியை வைத்துப் போடுவதா, மீட்டருக்கு இத்தனை கோடுகள் என்று போடுவதா என்பது இன்னொரு போட்டி. விடை ஒன்றுதான். கோடுகளின் எண்ணிக்கையை வைத்தால் வகுக்கும் வேலை மிச்சம். ஆனாலும் நான் இடைவெளியின் பக்கம்தான், ஏனென்றால் அடுத்தடுத்த கோடுகளிலிருந்து வரும் ஒளியின் பாதை வேறுபாடு அதில் கண்ணெதிரே நிற்கிறது. தவிர, பிரிதிறன் (நெருங்கிய இரு அலைநீளங்களைப் பிரித்துக் காட்டும் திறன்) கணக்கு வரும்போது, மீட்டருக்கான கோடுகளும் ஒளி படும் மொத்தக் கோடுகளும் ஒரே குறியீட்டில் வந்து குழப்பும். சோடியத்தின் 589.0, 589.6 நானோமீட்டர் நிறமாலைக் கோடுகளை முதல் வரிசையில் பிரிக்க, கீற்றணியில் ஒளி பட வேண்டியவை மொத்தத்தில் சுமார் 980 கோடுகள். மேலே சொன்ன கீற்றணியில் 1.7 மி.மீ. அகலத்துக்கு ஒளி பட்டாலே அது கிடைத்துவிடும்.