ஜகாத் கணக்கு: தங்க அளவா, வெள்ளி அளவா?

ரமலான் பிறந்ததும் பல வீடுகளில் எழும் கேள்வி இது. ஜகாத் என்னும் கட்டாய தர்மம் எவ்வளவு சேமிப்பிலிருந்து கடமையாகும் என்ற குறைந்தபட்ச அளவை, அதாவது நிஸாபை, எதை வைத்துப் பார்ப்பது? நபிகள் காலத்தில் நிஸாபான 20 தீனாரும் (தங்கக் காசு) 200 திர்ஹமும் (வெள்ளிக் காசு) ஏறக்குறைய ஒரே மதிப்பு. இன்று முன்னது சுமார் 85 கிராம் தங்கம், அதாவது பத்தரைப் பவுனுக்குச் சற்று மேல். பின்னது சுமார் 595 கிராம் வெள்ளி. விலையிலோ மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

வெள்ளியைப் பிடித்தால், கடன் போகக் கொஞ்சம் மிச்சம் பிடித்த ஆட்டோ ஓட்டுநரும் ஓராண்டு கழிந்ததும் இரண்டரை சதவீதம் கொடுக்க வேண்டும். ஏழைகளுக்குக் கூடுதலாகப் போய்ச் சேரும் என்பதால் ஹனஃபி சட்டப் பிரிவின் ஆலிம்கள் (மார்க்க அறிஞர்கள்) பலர் இதையே சொல்கிறார்கள். தங்கத்தைப் பிடித்தால் அவர் தப்புவார். பல லட்சம் வைத்திருப்பவரும் கூடவே தப்புவார். அதனால் ரொக்கத்துக்கு வெள்ளி அளவே எனக்குச் சரியாகப் படுகிறது.

தங்கம் மட்டுமே வைத்திருப்பவருக்குத் தங்க அளவுதான். அணியும் நகை என்றால் மத்ஹபையும் (சட்டப் பிரிவையும்) கேட்க வேண்டும்: ஷாஃபி வழியில் அதற்கு விலக்கு உண்டு, ஹனஃபியில் இல்லை. காயல்பட்டினத்து ஷாஃபி வீட்டில் கணக்கில் வராத வளையல், வேலூர் ஹனஃபி வீட்டில் தராசில் ஏறும்.