ஒரு பேருக்கும் (ஒரு நாள் வேலைச் சம்பளத்துக்கும்) குறைந்த விலையில் ஒரு யூஎஸ்பி மீட்டர்: பத்து மாதப் பாவனைக்குப் பின்

சென்ற வருடம் இலங்கை மலையகத்தின் ஹட்டன் பஸ் நிலையத்துக்குப் பக்கத்து ஒழுங்கையில், ரீலோட் போடப் போன ஒரு சிறிய கடையில், 1,150 ரூபாய் கொடுத்து இந்த மீட்டரை வாங்கினேன். தீப்பெட்டியில் பாதியளவே இருக்கும். ஒரு முனையைச் சார்ஜரில் செருகி மறுமுனையில் போன் வயரைச் செருகினால், எத்தனை வோல்ட் வருகிறது, எத்தனை அம்பியர் ஓடுகிறது, செருகிய நேரத்திலிருந்து மொத்தம் எத்தனை எம்ஏஎச் (மில்லி அம்பியர் மணி, அதாவது ஏறிய சார்ஜின் அளவு) உள்ளே போயிருக்கிறது என்பவற்றை நடுவிலுள்ள சிறு திரை காட்டிக்கொண்டே இருக்கும். பெட்டியில் கம்பனிப் பெயரும் இல்லை, உத்தரவாதச் சீட்டும் இல்லை. 2024 செப்டம்பரில் தேயிலைத் தோட்டத்து நாட்சம்பளம் 1,350 ரூபாயாக வர்த்தமானியில் வந்ததை வைத்துப் பார்த்தால், ஒரு பேருக்கும் குறைந்த விலைதான்.

நான் படிப்பிக்கும் பாடசாலை டிக்கோயாவுக்கும் நோர்வூட்டுக்கும் இடையிலுள்ள ஒரு தோட்டத்தில் இருக்கிறது. 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டுப் பாடங்கள் வாட்ஸ்அப்புக்குப் போனபோது, கடன்பட்டோ காது நகையை அடகு வைத்தோ வாங்கப்பட்ட மலிவான போன்கள்தான் இன்றும் எங்கள் லயங்களில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) பாதிக்கு மேல் ஓடுகின்றன. 2022இல் டொலர் இருநூறு ரூபாயிலிருந்து முந்நூற்று அறுபது வரை ஏறிய பிறகு, அவற்றைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதியது வாங்கும் யோசனையே பலருக்கு விட்டுப்போனது. எனவே, பழைய போனில் உண்மையாகவே எது பழுது என்று கண்டுபிடித்துக் கொடுக்கும் எந்தக் கருவிக்கும் இங்கே வேலை இருக்கிறது. இந்த மீட்டர் அந்த வேலையைச் செய்கிறதா என்று பார்ப்பதற்காகவே பத்து மாதம் காத்திருந்து இதை எழுதுகிறேன்.

முதலில் என்னிடம் வந்தது, மேல் லயத்தில் கொழுந்து பறிக்கும் ஓர் அக்காவின் போன். இரவு முழுவதும் சார்ஜரில் கிடந்தாலும் விடியும்போது நாற்பது சதவீதத்தைத் தாண்டுவதில்லை. நகரில் ஒரு கடையில் காட்டியபோது, போர்டு போய்விட்டது, மாற்ற 6,500 ரூபாய் ஆகும் என்று திறந்துகூடப் பாராமல் சொல்லியிருக்கிறார்கள். அவருடைய சார்ஜரையும் வயரையுமே வைத்து மீட்டரைச் செருகினேன், 5.02 வோல்ட், 0.18 அம்பியர் என்று காட்டியது. சார்ஜரை அப்படியே விட்டு என் வயரை மாற்றியதும் 0.61 ஆனது. வோல்ட் சரியாக இருந்து, வயர் மாறியதும் அம்பியர் கூடுகிறது என்றால், முதல் குற்றவாளி வயர்தான். ஆனால் 0.61உம் போதாது. பிறகு போனை அணைத்து, டோர்ச் அடித்துச் சார்ஜ் துளைக்குள் பார்த்தேன். இடுப்பில் சுற்றிக் கட்டும் சாக்குப் படங்கின் உள்மடிப்பில் போனைச் செருகிக்கொண்டு மலைக்குப் போகிறவர் அவர்; சாக்குப் பஞ்சும் இலைத்தூளும் சேர்ந்து துளையின் அடியில் அடையாக இறுகிப்போயிருந்தன. மரப் பற்குச்சியால் மெதுவாக நெம்பியபோது ஒரு சிறிய கறுப்பு வில்லை முழுசாக வெளியே வந்தது. மீண்டும் செருகினால் 0.94 அம்பியர்.

“டீச்சர், அப்ப போர்டு போகலையா?” என்று கேட்டார்.

“வயருக்கு 400 ரூபா போதும் அக்கா” என்றேன். அந்தப் போன் இன்றும் ஓடுகிறது.

மலிவு வயர் ஏன் இப்படிச் செய்கிறது என்பதைப் பலர் நம்புவதில்லை என்பதால் கணக்கைச் சொல்கிறேன். அந்த வயர்களுக்குள் இருப்பது பெரும்பாலும் 28 கேஜ் அளவான மெல்லிய கம்பி. சுத்தமான செம்பாக இருந்தாலே ஒரு மீற்றர் நீளத்தில், போகவும் வரவுமாக, ஏறக்குறைய 0.43 ஓம் தடை இருக்கும். ஒரு அம்பியர் ஓடினால் ஐந்து வோல்டில் கிட்டத்தட்ட அரை வோல்ட் வழியிலேயே சூடாகிப் போய்விடும். வோல்ட் இறங்குவதை உணர்ந்த போன், தானாகவே குறைவாக இழுக்கத் தொடங்கும். செம்பு பூசிய அலுமினியக் கம்பியாக இருந்தால் நிலைமை இன்னும் மோசம். நீளத்தைப் பார்த்து வயர் வாங்கும் வழக்கம் எங்களிடம் இருக்கிறது, இஸ்தோப்பில் (வீட்டு முன்திண்ணையில்) உட்கார்ந்தபடி பேச வசதி என்று. சார்ஜுக்கு அரை மீற்றர் வயரே நல்லது.

மீட்டரை நான் அதிகம் மதிப்பது எம்ஏஎச் கணக்குக்காகத்தான். அதே இடத்தில்தான் வாங்குபவர்கள் அதிகம் ஏமாறவும் கூடும். சக ஆசிரியர் ஒருவரின் போன், தை மாதத்துப் பனியில் இருபத்தைந்து சதவீதத்திலேயே சட்டென்று அணைந்துவிடும். குளிரில் பெட்டரியின் உள்தடை கூடும்; பழைய பெட்டரியென்றால் சிறிது அதிகமாக இழுத்த உடனேயே வோல்ட் சரிந்து போன் நின்றுவிடும். அது குளிரின் வேலை மட்டுமா, பெட்டரியே தேய்ந்துவிட்டதா என்று அறிய, போனைத் தானாக அணையும் வரை ஓடவிட்டு, அணைத்தபடியே முழுமையாகச் சார்ஜ் ஏற்றினோம். பெட்டரியில் 4,000 என்று அச்சிட்டிருந்தது. மீட்டர் 1,640இல் நின்றது. இதைப் பார்த்து நேராக 4,000உடன் ஒப்பிட்டுவிடக் கூடாது. பெட்டரியின் எண் 3.85 வோல்டில் சொல்லப்பட்டது, மீட்டர் எண்ணுவதோ 5 வோல்டில். எனவே 4,000 என்பது இங்கே 3,080ஆகச் சுருங்கும். வழியில் சூடாகிப் போவதையும் சேர்த்தால், நல்ல பெட்டரி 3,400க்கும் 3,600க்கும் இடையில் விழுங்கியிருக்க வேண்டும். ஆக அவருடைய பெட்டரியில் பாதிக்குச் சற்றுக் குறைவுதான் மிஞ்சியிருந்தது. புதுப் பெட்டரி 2,600 ரூபாய்க்குப் போட்டார். அடுத்த பனிக்காலத்தில் போன் அணையவில்லை. இந்தக் கணக்கில் ஒரு வார்த்தைகூடப் பெட்டியோடு வந்த தாளில் இல்லை. அதிலிருந்தது பொடிப்பொடியான சீன எழுத்து மட்டுமே.

பவர் பேங்க் விஷயத்தில் மீட்டர் இரக்கமே காட்டாது. தைப்பூசச் சந்தையில் என் தம்பி வாங்கி வந்ததில் 20,000 என்று பொன்னிற எழுத்தில் போட்டிருந்தது. உண்மையான 20,000 என்றால், 3.7 வோல்டிலிருந்து ஐந்துக்கு மாறும்போது ஏற்படும் இழப்பும் போக, பன்னிரண்டாயிரத்துக்கு மேல் வெளியே வர வேண்டும். வந்தது 3,100. கையில் எடுத்தால் கனமாகத்தான் இருக்கிறது. உள்ளே என்ன வைத்திருக்கிறார்கள் என்று உடைத்துப் பார்க்க நான் விடவில்லை.

சார்ஜர்களைச் சோதிக்கவும் உதவுகிறது. சித்திரை மாதத்து இடிமழைக்குப் பின் எங்கள் லயத்தில் பல சார்ஜர்கள் செத்தும் சாகாமலும் கிடந்தன. 2 அம்பியர் என்று எழுதியிருந்த ஒன்று, 0.7 அம்பியர் இழுத்ததுமே 4.3 வோல்டுக்கு இறங்கியது. நல்ல சார்ஜர் தன் வாயிலில் 4.75க்குக் கீழே போகக் கூடாது. அதை ஒதுக்கிவிட்டோம்.

இனிக் குறைகள். சார்ஜர் செருகியிருக்கும்போது மட்டும் தொடுதிரை தானாகவே துள்ளுவதும், தொடாத எழுத்தெல்லாம் விழுவதும் மலிவுச் சார்ஜர்களின் மின் இரைச்சலால் வருவது. மீட்டர் அதைப் பிடிக்காது, 5.05 என்று சாதுவாகக் காட்டிக்கொண்டிருக்கும். திரை துள்ளினால் மீட்டரைப் பாராமலே சார்ஜரை மாற்றிவிட வேண்டும். பெட்டரி ஊதி, போனின் பின்மூடி எழும்பத் தொடங்கியிருந்தாலும் இதைச் செருகிச் சோதிக்க வேண்டாம். சார்ஜ் ஏற்றாமல், குத்தாமல், அழுத்தாமல் கடைக்குக் கொண்டுபோவதே சரி. நனைந்த போனை அரிசிப் பானைக்குள் புதைப்பவர்களுக்கும், அடுப்பு மேட்டில் காயவைப்பவர்களுக்கும் இந்த மீட்டரால் ஒரு நன்மையும் இல்லை. அடுப்புச் சூடு பெட்டரியைத் தின்றுவிடும் என்று எத்தனை தடவை சொன்னாலும், மழைக்காலத்தில் எங்கள் பக்கத்தில் யாரும் கேட்பதாக இல்லை.

அளவின் துல்லியத்தைப் பற்றிப் பெரிய முறைப்பாடு எனக்கில்லை. எலக்ட்ரீஷியன் ஒருவரின் மல்டிமீட்டர் 5.11 காட்டிய இடத்தில் இது 5.08 காட்டியது. ஒப்பிட்டுப் பார்க்கும் வேலைக்கு அது தாராளம். ஆனால் ஒரு போனின் சார்ஜ் வேகத்தை அளக்கும்போது பெட்டரி ஐம்பது சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும், ஏனென்றால் நிறைய நிறையப் போனே இழுப்பைக் குறைத்துவிடும். எண்பது சதவீதத்தில் செருகிவிட்டு வயரைத் திட்டிய தவறை நானும் ஒரு தடவை செய்தேன். பழைய கணக்கை அழிக்க, பக்கவாட்டிலுள்ள பொத்தானை நீண்ட நேரம் அழுத்த வேண்டும். அது நகம் வளர்த்தவர்களுக்கே எட்டும் அளவு குழிக்குள் இருக்கிறது. எட்டாவது மாதத்திலிருந்து சார்ஜருக்குள் போகும் முனை ஆடத் தொடங்கிவிட்டது, இப்போது ஒரு விரலால் தாங்கிப் பிடித்துத்தான் அளக்கிறேன்.

பழைய அகல யூஎஸ்பி வாய் உள்ள சார்ஜர்களுக்கு மட்டுமே இது பொருந்தும். இரு முனையும் டைப்-சி ஆன வயரோடு வரும் புதுச் சார்ஜர்களில் இதைச் செருக இடமே இல்லை. சில வேகச் சார்ஜர்கள், இது நடுவில் இருந்தால் சாதாரண வேகத்துக்கு இறங்கிவிடுகின்றன. டைப்-சி மீட்டர் அதே கடையில் 2,800 ரூபாய் என்றார்கள். எங்கள் லயத்தில் அந்த வகைச் சார்ஜர் இப்போதைக்கு இரண்டே இரண்டுதான் இருக்கின்றன; நான்காவது வரும்வரை இந்த ஆடும் முனைக்கு டேப் சுற்றிக்கொண்டு ஓட்டப் போகிறேன்.