ஹமில்ரன் வார்பிளேன் மியூசியம்: லங்காஸ்ரர் பாக்கப் போய் மஞ்சள் பிளேனில மினக்கெட்டது

மவுண்ட் ஹோப்பில, ஹமில்ரன் எயார்போட்டோட ஒட்டி இருக்கிற கனேடியன் வார்பிளேன் ஹெரிற்றேஜ் மியூசியத்துக்கு நான், அப்பா, மகன் மூண்டு பேரும் ஒரு வியாழக்கிழமை போனனாங்கள். கனபேர் ரெண்டாம் உலக யுத்தத்தில குண்டு போட்ட லங்காஸ்ரர் பிளேனுக்காகத்தான் போறது, நாங்களும் அதுக்குத்தான் போனது, உலகத்தில இப்ப பறக்கிற நிலையில இருக்கிறது ரெண்டே ரெண்டு, ஒண்டு இங்கிலாந்து விமானப்படையிட்ட, மற்றது இது. ஆனா நான் இதை எழுதுறது லங்காஸ்ரருக்காக இல்லை, அங்க சம்பளமில்லாமல் வேலை செய்யிற வயசுபோன ஆக்களுக்காக.

எண்டாலும் அதைச் சொல்லாமல் விடேலாது. 1945ல மோல்ரனில, அதுதான் இப்ப பியர்சன் எயார்போட் இருக்கிற பக்கம், செய்த பிளேன். சேவை முடிஞ்சு கொடரிச் எண்ட ஊரில தூணுக்கு மேல காட்சிப்பொருளா நிண்டு வெயிலும் பனியும் பட்டுக்கொண்டிருந்ததை 1977ல வாங்கி, பதினொரு வருசம் வேலை செய்து, 1988 செப்டெம்பர் 24ல திரும்பப் பறக்க விட்டிருக்கினம். 1993ல பிளேன் நிப்பாட்டுற ஹங்கர் நெருப்புப் பிடிச்சு ஹரிக்கேன் எண்ட சண்டை விமானம் உட்பட அஞ்சு பிளேன் எரிஞ்சதில இது தப்பினது அருந்தப்பு.

அப்பா முதல் கிட்டப் போகேல்ல. எங்கட ஆக்களுக்கு பொம்மர் எண்டா வேற ஞாபகமெல்லோ, 90ல ஊரில சத்தம் கேட்டாலே பங்கருக்குள்ள ஓடின மனுசன். இது எவ்வளவு குண்டு காவும் எண்டு மட்டும் கேட்டார். ஆறு தொன்னுக்கு மேல எண்டு சொன்ன வொலண்டியர் பெருமையடிக்கேல்ல, உதில போன ஆக்களின்ர கதையையும் சொன்னார், பொம்பர் கொமாண்ட் எண்ட பிரிட்டிஷ் குண்டுவீச்சுப் படையில ஒரு லட்சத்து இருபத்தையாயிரம் பேரில 55,573 பேர் திரும்பி வரேல்லயாம். அப்பா ஒண்டும் கதைக்கேல்ல.

அவரின்ர முகம் மாறினது மஞ்சள் பிளேனுகளுக்குக் கிட்டத்தான். ரெண்டாம் உலக யுத்த காலத்தில கொமன்வெல்த் நாட்டுப் பெடியங்கள் கனபேர் கனடாவிலதான் பறக்கப் பழகினவை, 1,31,000 பேருக்கு மேல பழக்கி அனுப்பியிருக்கினம், அந்த ட்ரெயினர் பிளேனுகள்தான் ரைகர் மொத், ஹார்வர்ட், கோர்ணெல், யேல் எல்லாம், தூரத்திலயே தெரியிற மாதிரி நல்ல மஞ்சள். யேலின்ர கதை பகிடி. பிரான்சுக்கெண்டு செய்தது, 1940ல பிரான்ஸ் விழுந்தாப்போல இஞ்ச வந்து சேர்ந்திட்டுது, கருவியெல்லாம் மெற்றிக் கணக்கில. யுத்தம் முடிய டில்சன்பர்க் பக்கத்தில ஒரு விவசாயி அதுகளைக் கும்பலா வாங்கி தோட்டத்தில விட்டு வச்சிருந்தவராம், அந்தாள் செத்தாப்பிறகு 1970ல ஏலம் போனது, இண்டைக்குப் பறக்கிற யேலுகளில கன அங்கயிருந்து வந்ததுதான். மேற்கில ப்ரெய்ரி விவசாயியளும் உப்பிடித்தான் பொலிங்ப்ரோக் எண்ட பழைய யுத்தப் பிளேனை வாங்கி சில்லு, ராங்கி, போல்ற்று எண்டு கழட்டி எடுத்தவை. இப்ப அதைத் திருத்திற ஆக்கள் அந்த எலும்புக்கூடுகளைத்தான் தேடிப் பொறுக்கி ஒண்டாக்கினம், வருசக்கணக்கா நடக்குது.

பிளேன் தகடுகளைப் பொருத்துற றிவெற் ஆணி அடிக்கிறதை கிட்ட நிண்டு பாத்தம். வெளியால ஒராள் றிவெற் துப்பாக்கியால அடிக்க, உள்ளுக்க ஒராள் வளைஞ்சு படுத்து இரும்புக்கட்டி ஒண்டைப் பிடிச்சுக் குடுக்க வேணும், கொஞ்சம் சரிஞ்சாலும் துளைச்சு எடுத்திட்டுத் திரும்ப அடிக்கோணும். எழுபது வயசுக்கு மேல இருக்கும் அந்த உள்ளுக்க படுத்தவருக்கு. மகனிட்ட ரோர்ச்சைக் குடுத்து பிடிக்கச் சொன்னார், அவன் அரை மணித்தியாலம் அசையேல்ல, வீட்டில சாப்பாட்டு மேசையில அஞ்சு நிமிசம் இருக்கமாட்டான்.

மற்றப்பக்கம் ஒரு மரச்செட்டைக்குத் துணி போட்டு டோப் எண்ட வார்னிஷ் மாதிரிச் சாமானைப் பூசிக்கொண்டிருந்தவை, மணம் மூக்கைத் துளைக்கும், பூசிக் காயக் காய துணி இறுகி மேளம் மாதிரி வரும். அப்பா விரலால தட்டிப் பாத்திட்டு, "தம்பி, இது பட்டம் கட்டுற வேலையெல்லோ" எண்டார். பிறகென்ன, வல்வெட்டித்துறையில கொக்குப்பட்டத்துக்கு மூங்கில் சீவுற விதத்தை அரைகுறை இங்கிலீசில அந்த வெள்ளைக்காரக் கிழவருக்கு விளங்கப்படுத்தத் தொடங்கினவர், பட்டத்தில கூவுற விண்ணைப் பூட்டினா என்ன சத்தம் வரும் எண்டு வாயால வேற செய்து காட்டினார், அந்தாள் பேப்பர் எடுத்துக் கீறிக் காட்டச் சொல்லிப்போட்டுது. நான் போய்க் கோப்பி குடிச்சிட்டு வந்தும் முடியேல்ல.

போறதெண்டா கிழமை நாளில போங்கோ, அப்பதான் வேலை செய்யிற ஆக்களைப் பிடிக்கலாம், கூச்சப்படாமல் கேளுங்கோ, கேட்டாத்தான் வாய் திறப்பினம். கோடையில லங்காஸ்ரர் வெளியூர் ஷோவுக்குப் போயிருக்கலாம், முதலே ஒருக்கா போன் பண்ணுங்கோ. காசு குடுத்து அதில பறக்கவும் ஏலும், ஆனா ஆயிரக்கணக்கில டொலர், ரைகர் மொத் அந்தளவுக்கு இல்லை. அப்பாவின்ர பிறந்தநாளுக்கு ரெண்டாவதை விசாரிச்சு வச்சிருக்கிறன், மனுசனுக்கு இன்னும் சொல்லேல்ல.