பி.எஸ்ஸி. கணிதம்: ஊர்க் கல்லூரியா, சிறுசேரியா?

பிளஸ் டூ முடித்துவிட்டு, "இன்ஜினியரிங் வேண்டாம், கணக்கே படிக்கிறேன்" என்று சொல்லும் பிள்ளைகள் இப்போதும் இருக்கிறார்கள். வீட்டில் ஒரு வாரம் சண்டை நடக்கும். அது ஓய்ந்ததும், சரி, எங்கே சேர்ப்பது என்ற பேச்சு வரும். பஸ்ஸில் போய்வரும் தூரத்தில் உள்ள கலைக் கல்லூரியா? சென்னைக்குப் பக்கத்தில் சிறுசேரியில் இருக்கும் சி.எம்.ஐ. என்ற கணித ஆய்வு நிறுவனமா? 1989-இல் கணித அறிஞர் சி. எஸ். சேஷாத்ரி தொடங்கி, 1998 முதல் பி.எஸ்ஸி. நடத்திவரும் இடம் அது.

பணத்தை வைத்து முடிவெடுக்க வேண்டாம். அரசுக் கல்லூரியில் ஆண்டுக்குச் சில ஆயிரத்தில் முடிந்துவிடும். அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குப் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாயும் வரும். சி.எம்.ஐ.யில் கட்டணம் கூடுதல், ஆனால் சலுகை உண்டு. பெங்களூரு ஐ.எஸ்.ஐ.யின் (இந்தியப் புள்ளியியல் நிறுவனம்) பி.மேத் என்ற கணித இளங்கலைப் படிப்புக்கோ கட்டணமே இல்லை, மாத உதவித்தொகையும் தருகிறார்கள்.

சி.எம்.ஐ.க்கும் ஐ.எஸ்.ஐ.க்கும் நுழைவுத் தேர்வுதான் முதல் தடுப்பு. பிளஸ் டூ மதிப்பெண்ணைக் காட்டி உள்ளே போக முடியாது. தாள் ஆங்கிலத்தில் இருக்கும், காரணம் காட்டி விரிவாக எழுத வேண்டிய கணக்குகளும் வரும். தமிழ் வழியில் படித்த பிள்ளைக்கு இது இரட்டைச் சுமை.

ஆனால் உண்மையான வித்தியாசம் உள்ளே போன பிறகு தெரிவது. நம் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் செமஸ்டர் தேர்வு 75 மதிப்பெண்ணுக்கு, இன்டர்னல் 25-க்கு. பத்து மார்க் கேள்விகளில் பாதி, புத்தகத்தில் இருக்கும் தேற்றத்தை அப்படியே எழுதச் சொல்வது. நான் ஒரு சின்ன ஊர்க் கல்லூரியில் படித்தவன். போல்சானோ-வியர்ஸ்ட்ராஸ் தேற்றத்தை ஒரு வரி பிசகாமல் எழுதிப் பத்துக்குப் பத்து வாங்கினேன். எல்லைக்குட்பட்ட, அதாவது ஒரு வரம்பைத் தாண்டாத, எண்வரிசை எதிலும் ஒருங்கும் உள்வரிசை ஒன்று, அதாவது ஒரே எண்ணை நெருங்கிக்கொண்டே போகும் வரிசை ஒன்று, இருக்கும் என்பது அது. அந்த "எல்லைக்குட்பட்ட" என்ற சொல்லை எடுத்துவிட்டால் என்ன ஆகும்? மூன்று வருடத்தில் யாரும் கேட்கவில்லை, நானும் கேட்டுக்கொள்ளவில்லை. எம்.எஸ்ஸி. நேர்காணலில் கேட்டார்கள். தேற்றம் பொய்த்துவிடும் என்பதற்கு 1, 2, 3 என்று போய்க்கொண்டே இருக்கும் வரிசையைச் சொன்னால் போதும், ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரிந்ததுதான். எனக்கு வாய் வரவில்லை.

சி.எம்.ஐ.யில் அந்தக் கேள்வியை முதல் வருடமே கேட்டுவிடுவார்கள். ஆசிரியர் விட்டால் பக்கத்தில் இருப்பவன் கேட்பான், கணித ஒலிம்பியாட் போட்டி எழுதிவிட்டு வந்தவனாக இருப்பான். பள்ளியில் முதலாவதாக வந்த பிள்ளை அங்கே நடுவில் எங்கோ உட்கார்ந்திருக்கும். அது எல்லோருக்கும் ஒத்துக்கொள்ளாது. தவிர, படிப்பு பெரும்பாலும் கணிதமும், அதோடு கணினியோ இயற்பியலோதான். இரண்டாம் வருடத்தில் மனம் மாறினால் திரும்புவது சிரமம்.

ஊர்க் கல்லூரியின் பலம் அங்கேதான். அலைடாக, அதாவது துணைப்பாடமாக, இயற்பியலோ புள்ளியியலோ இருக்கும், தமிழ்ப் பாடம் இருக்கும். அப்புறம் பி.எட்., டெட், டி.ஆர்.பி., வங்கித் தேர்வு, குரூப் தேர்வு என்று பழகிய பாதைகள் இருக்கின்றன. இன்னொன்று, நேரம். வகுப்பு மதியத்தோடு முடிந்த நாட்களில் எங்கள் மேடம் ஒருவர் எனக்கும் இன்னொரு பையனுக்கும் தனியாக இயற்கணிதம் சொல்லித் தந்தார். கேட்டதால்தான் தந்தார். மற்றவர்கள் கேட்கவில்லை, பஸ்ஸைப் பிடிக்க ஓடிவிட்டார்கள்.

எனக்குத் தாமதமாகத் தெரிந்தது எம்.டி.டி.எஸ். என்ற கணிதப் பயிற்சி முகாம். 1993 முதல் கோடை விடுமுறையில் நான்கு வாரம் நடக்கிறது, தங்குமிடமும் சாப்பாடும் இலவசம். அங்கே பாடம் எடுப்பதே கேள்வி கேட்டுத்தான். சி.எம்.ஐ. கிடைக்காத பிள்ளைக்கு இதுதான் நெருங்கிய மாற்று. கல்லூரி மாணவர்களுக்கான மாதவா கணிதப் போட்டியும் எழுதலாம். ஐ.ஐ.டி.களில் எம்.எஸ்ஸி. சேர எழுதும் ஜாம் நுழைவுத் தேர்வில் தேறினால் எம்.எஸ்ஸி.யில் எல்லோருக்கும் ஒரே பெஞ்சுதான்.

என்னைக் கேட்டால், சி.எம்.ஐ.யோ ஐ.எஸ்.ஐ.யோ கிடைத்தால் யோசிக்காமல் போகலாம். கிடைக்காவிட்டால், லட்சங்கள் கட்டி நகரத்துச் சுயநிதிக் கல்லூரி ஒன்றில் அதே பி.எஸ்ஸி.யைப் படிப்பதற்கு ஊர்க் கல்லூரியே மேல். சேரும் முன் துறைக்குப் போய், கடந்த சில வருடங்களில் யாராவது ஜாம் எழுதினார்களா, முகாமுக்குப் போனார்களா என்று மட்டும் விசாரியுங்கள். பதில் சொல்லும் ஆசிரியர் யார் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள், மதிய நேரத்தில் தேடிப்போக வேண்டியவர் அவராகத்தான் இருப்பார்.