தள்ளுபடியா, தவணை நீட்டிப்பா: கிரேக்கக் கடனில் நான் எடுத்த பக்கம்

2015 ஜூலை முதல் வாரம். கிரேக்க அரசு கடனைக் கட்ட முடியாமல் திணறிக்கொண்டிருந்த நேரம். வேலை நிமித்தம் ஏதென்ஸ் போயிருந்த நான் ஒரு ஏடிஎம் வரிசையில் நின்றிருந்தேன். கிரேக்க வங்கி அட்டைக்கு நாளொன்றுக்கு 60 யூரோ என்று வரம்பு. 20 யூரோ தாள்கள் தீர்ந்துபோனதால் பல இயந்திரங்கள் 50 மட்டுமே தந்தன. எனக்கு முன்னால் நின்ற முதியவர் அந்த ஒற்றைத் தாளை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். இரண்டடி நடந்தபின் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். என்னுடையது ஜெர்மன் வங்கி அட்டை; அதற்கு வரம்பு கிடையாது. 200 எடுக்கப் போன நான் 50 எடுத்துக்கொண்டு திரும்பிவிட்டேன். அதனால் யாருக்கும் எந்தப் பயனும் இல்லை என்பது தெரியும்.

பிராங்க்ஃபர்ட் திரும்பிய மறுநாள் அலுவலக உணவகத்தில் இதே பேச்சு. எங்கள் பிரிவின் கணக்காளர், நல்ல மனிதர், முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்: "நம் வரிப்பணத்தைக் கிரேக்கர்களுக்கு இன்னும் எத்தனை முறை கொடுப்பது? நீயும் இங்கேதானே வரி கட்டுகிறாய், நீ எந்தப் பக்கம்?" தள்ளுபடியின் பக்கம், அதாவது கடனின் அசலையே குறைத்துவிட வேண்டும் என்றேன். மேசையில் யாருக்கும் அது பிடிக்கவில்லை.

யூரோவை விட்டு வெளியேறுவது என்ற மூன்றாவது வழியை முதலிலேயே ஒதுக்கிவிடுகிறேன். பழைய நாணயமான திராக்மாவுக்குத் திரும்பினால் சேமிப்பின் மதிப்பு சரியும், யூரோவில் வாங்கிய கடன் அப்படியே நிற்கும். ஜூலை 5 அன்று கிரேக்கத்தில் நடந்த பொது வாக்கெடுப்பில் 61.3 சதவீதம் பேர் கடன் கொடுத்தவர்களின் நிபந்தனைகளை வேண்டாம் என்றார்கள். யூரோவே வேண்டாம் என்று சொன்னவர்கள் அவர்களில் ஒரு பகுதிதான். பிரதமர் சிப்ராஸும் பத்து நாள் ஆவதற்குள் பிரஸ்ஸல்ஸில் புதிய நிபந்தனைகளுக்குச் சம்மதித்துவிட்டார்.

மீதி இரண்டு வழிகளில் ஐரோப்பா தேர்ந்துகொண்டது தவணை நீட்டிப்பை. 2010 மே மாதம் 11,000 கோடி யூரோ கடன். 2012இல் இரண்டாவது திட்டம். 2015 ஆகஸ்டில் 8,600 கோடி வரை மூன்றாவது. அரசுகள் கொடுத்த கடனின் அசலில் கை வைப்பதில்லை. வட்டியைக் குறைப்பது, காலத்தை நீட்டுவது, பதிலுக்குச் சிக்கனம் கேட்பது. ஜெர்மன் நிதியமைச்சர் ஷாய்ப்ளே சொன்ன காரணம் எளிது: பொது நாணயத்துக்குள் இருக்கும் நாட்டுக்கு அசலைக் குறைக்க ஐரோப்பிய ஒன்றிய ஒப்பந்தம் இடம்தராது. கணக்காளருக்கும் அது பொருத்தமாகப் பட்டது. அசல் குறையாதவரை நஷ்டம் இல்லை அல்லவா?

வெறும் கணக்காகப் பார்த்தால் இரண்டுக்கும் பெரிய தூரம் இல்லை என்பதை ஒத்துக்கொள்கிறேன். நாற்பது, ஐம்பது வருடம் கழித்துச் சொற்ப வட்டியுடன் திரும்பி வரும் பணத்தின் இன்றைய மதிப்பு எவ்வளவு என்று எந்த வங்கிக்காரரைக் கேட்டாலும் சொல்வார். நீட்டிப்பும் ஒரு வகைத் தள்ளுபடிதான், வெளியே சொல்லிக்கொள்வதில்லை.

அப்படியானால் நான் ஏன் தள்ளுபடியின் பக்கம்? மனக்கசப்பை வைத்துத்தான்.

தள்ளுபடி ஒருநாள் சண்டை. நீட்டிப்பில் அந்தச் சண்டை தவணைதோறும் திரும்ப வரும். பணம் ஒரே மூச்சில் போகவில்லை. ஒவ்வொரு தவணைக்கும் முன்னால் ஐரோப்பிய ஆணையம், ஐரோப்பிய மத்திய வங்கி, சர்வதேச நாணய நிதியம் (ஐஎம்எஃப்) ஆகிய மூன்றின் அதிகாரிகள் ஏதென்ஸில் வந்து இறங்கி அமைச்சகக் கணக்குகளைப் புரட்டுவார்கள். அவர்கள் வந்து போனால் ஓய்வூதியத்திலோ சம்பளத்திலோ ஏதாவது குறையும். இந்த மூவர் குழுவுக்கு வைத்த 'திரோய்கா' என்ற பெயரே வசையாகிப் போனதால் 2015இல் அதை 'நிறுவனங்கள்' என்று மாற்றினார்கள். வந்தவர்கள் பழைய ஆட்கள்தான். இந்தக் கடன் நிபந்தனை உடன்படிக்கையைக் குறிக்கும் 'ம்னிமோனியோ' என்ற சொல்லைக் கிரேக்கர்கள் ஒரு காலகட்டத்தின் பெயராகவே சொல்கிறார்கள், நாம் பஞ்ச காலம் என்பதைப்போல.

இந்தப் பக்கமும் அதே கதை. ஒவ்வொரு திட்டமும் ஜெர்மன் நாடாளுமன்றத்தில் வாக்கெடுப்புக்கு வரும். வந்தபோதெல்லாம் உணவகத்தில் அதே கேள்வி. 2015 ஆகஸ்ட் 19 அன்று 454 பேர் ஆதரித்தார்கள், 113 பேர் எதிர்த்தார்கள். எதிர்த்தவர்களில் பாதிக்கும் மேல் ஆளுங்கட்சிக் கூட்டணிக்காரர்கள். ஸ்லோவாக்கியாவில் இன்னும் மோசம். கிரேக்கர்களைவிடக் குறைந்த ஓய்வூதியம் வாங்கும் தாங்கள் அவர்களுக்கு ஏன் உதவ வேண்டும் என்ற கேள்வியில் 2010 கடனில் அந்த நாடு சேரவே இல்லை. மறு ஆண்டு ஐரோப்பிய மீட்பு நிதியை விரிவாக்கும் வாக்கெடுப்பில் அந்நாட்டுப் பிரதமர் ராதிசோவாவின் அரசே கவிழ்ந்தது. பின்லாந்து தன் பங்குக்கு அடமானம் கேட்டது.

இதில் இரு தரப்புக்குமே முழு உண்மை போய்ச் சேரவில்லை. முதல் திட்டப் பணத்தில் பெரும்பகுதி பழைய கடன்பத்திரக்காரர்களுக்கே போனது. பிரெஞ்சு, ஜெர்மன் வங்கிகளும் அவர்களில் அடக்கம். அந்தக் கடனுக்கு முதலில் வைத்த வட்டி, வங்கிகள் தங்களுக்குள் கடன் கொடுக்கும் விகிதத்துக்கு மேல் 3 சதவீதம், பின்புதான் அரை சதவீதமாக்கினார்கள். உணவகத்தில் இதைச் சொன்னபோது யாரும் நம்பவில்லை. ஜெர்மனில் கடனுக்கும் குற்றத்துக்கும் வேர்ச்சொல் ஒன்று, 'ஷுல்ட்'. தமிழில் கடன் என்றால் கடமையும்கூட என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். சிரித்துக்கொண்டே, அதைத்தான் கிரேக்கர்களிடம் சொல்கிறோம் என்றார் கணக்காளர்.

தள்ளுபடிக்கு முன்மாதிரி வெளியே தேட வேண்டியதில்லை. 1953இல் லண்டனில் மேற்கு ஜெர்மனியின் போருக்கு முந்தைய, பிந்தைய கடன்கள் ஏறக்குறைய பாதியாகக் குறைக்கப்பட்டன. கையெழுத்திட்ட, கடன் கொடுத்த நாடுகளில் கிரேக்கமும் உண்டு. அதற்குப் பிறகு ஜெர்மானியர்களின் கணக்கைப் புரட்ட வருடத்துக்கு நான்கு முறை யாரும் அப்போதைய தலைநகரான பான் (Bonn) நகருக்கு வரவில்லை.

தள்ளுபடியிலும் அடி உண்டு. 2012 மார்ச்சில் தனியார் கையிலிருந்த பத்திரங்களின் முகமதிப்பு 53.5 சதவீதம் வெட்டப்பட்டது. கிரேக்க வங்கிகளும் ஓய்வூதிய நிதிகளும் அந்தப் பத்திரங்களையே வைத்திருந்ததால், வெட்டியதில் ஒரு பகுதியைத் திரும்ப வங்கிகளுக்கே முதலாகப் போட வேண்டி வந்தது, அதுவும் கடன் வாங்கி. 2008இல் அமெரிக்காவின் லேமன் வங்கி சரிந்த சூட்டோடு 2010லேயே இதைச் செய்திருந்தால் மற்ற நாட்டு வங்கிகள் தாங்கியிருக்குமா என்பதில் எனக்கு இப்போதும் தயக்கம் உண்டு. வங்கிகளின் கடனைத் தலையில் சுமந்து அடைத்த அயர்லாந்துக்காரர், தள்ளுபடி எங்களுக்கு மட்டும் ஏன் இல்லை என்று கேட்டால் என்னிடம் நல்ல பதில் கிடையாது. மேலும், நான் சம்பளக்காரன். ஓய்வூதியம் வெட்டப்பட்டவனாகவோ பத்திரத்தில் பணம் இழந்தவனாகவோ இருந்து பேசவில்லை.

ஆனால் பொருளாதாரம் நான்கில் ஒரு பங்கு சுருங்கியதையும், 2013இல் வேலையின்மை 27 சதவீதத்தைத் தாண்டியதையும் பார்த்தபின், முதலிலேயே அசலைக் குறைத்திருந்தால் இவ்வளவு வெட்டு தேவைப்பட்டிருக்காது என்றே நினைக்கிறேன்.

2018 ஆகஸ்ட் 20 அன்று கிரேக்கம் மீட்புத் திட்டத்திலிருந்து வெளியே வந்தது. அந்த வாரம் உணவகத்தில் கணக்காளர் என் தட்டுக்கு எதிரே வந்து உட்கார்ந்தார். "முடிந்தது. எல்லாம் எப்போது திரும்பி வரும்?" சில கடன்களின் கடைசித் தவணை 2070இல் என்றேன். மனத்துக்குள் கழித்துப் பார்த்தார். "அப்போது எனக்கு வயது 111" என்று சொல்லிவிட்டு உப்பை எடுத்துத் தரச் சொன்னார்.