அல்-அனான் கூட்டங்களில் ஏழு வருடம்

என் கணவர் குடிநோயாளி. அவரை எப்படி நிறுத்த வைப்பது என்று கேட்கத்தான் 2018-இல் முதல்முறை அல்-அனான் கூட்டத்துக்குப் போனேன். அதற்கு யாரும் வழி சொல்லவில்லை. பக்கத்திலிருந்த அக்கா, "நேத்து ராத்திரி தூங்கினியாம்மா?" என்று மட்டும் கேட்டார்.

குடிப்பவர்களுக்கு ஏஏ (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) என்ற குழு இருப்பதுபோல, அவர்கள் வீட்டாருக்கு அல்-அனான். 1951-இல் அமெரிக்காவில் தொடங்கியது. கட்டணம் கிடையாது, கடைசியில் ஒரு பை சுற்றி வரும், முடிந்ததைப் போடலாம். டாக்டரோ கவுன்சிலரோ நடத்துவதில்லை, நாங்களே முறை வைத்து நடத்துகிறோம். ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கிடக் கூடாது, அறிவுரையும் கூடாது. ஆரம்பத்தில் இது எரிச்சலாக இருந்தது. ஆனால் அறிவுரைக்குத்தான் சொந்தக்காரர்கள் இருக்கிறார்களே! "நீ அனுசரிச்சுப் போனா அவன் ஏன் குடிக்கப் போறான்" என்று கேட்டுக் கேட்டு, அது என் தப்பு என்றே நம்பியிருந்தேன். இந்த நோயை நான் உண்டாக்கவில்லை, என்னால் கட்டுப்படுத்த முடியாது, குணப்படுத்தவும் முடியாது என்று அங்கே சொல்வார்கள். முதல் வரியை நம்பவே எனக்கு ஒரு வருடம் ஆனது.

போதை தெளியாத நாட்களில் அவர் ஆபீஸுக்கு நான்தான் போன் செய்து, "காய்ச்சல் சார்" என்பேன். அதை நிறுத்திய முதல் காலை கை நடுங்கியது. குழுவில் ஒரு அம்மா பத்து மணி வரை போனை வைக்காமல் என்னோடு பேசிக்கொண்டிருந்தார். அன்று என் கணவருக்கு ஆபீஸில் மெமோ வந்தது. வீட்டில் பெரிய சண்டை. ஆனாலும் மறுநாளும் நான் போன் செய்யவில்லை. வண்டி டேங்க் கவரில் குவார்ட்டர் பாட்டில் தேடுவதும் அப்புறம் தானாகவே நின்றது.

அவர் குடியை நிறுத்தினாரா? சிகிச்சைக்குப் போனார், நாலு மாதத்தில் மறுபடி குடித்தார். இப்போது ஏஏ போகிறார், சில வாரம் போவதில்லை. நான் தூங்குகிறேன்.

குறைகளும் உண்டு. எங்கள் குழுவில் ஆண்கள் அரிது. மகனுக்காக வந்த ஒரு அப்பா இரண்டு வாரத்தோடு நின்றுவிட்டார், இன்னும் மனதை உறுத்துகிறது. பதின்பருவப் பிள்ளைகளுக்கு அலட்டீன் என்று தனிக்குழு உண்டு, எங்கள் பக்கத்தில் இல்லை. என் மகளுக்கு அது தேவைப்பட்டது. வீட்டில் அடி உதை என்றால் கூட்டத்துக்குக் காத்திருக்க வேண்டாம், உடனே பெண்கள் உதவி எண் 181-ஐ அழையுங்கள்.

ஆறு கூட்டமாவது வந்துவிட்டு முடிவு செய்யுங்கள் என்று அங்கேயே சொல்வார்கள். நான் ஐந்தாவதில்தான் வாயைத் திறந்தேன்.